பிள்ளைக்கொரு மடிக்கணினி: எங்கள் பக்கம் சரிவருமா?

விசுவமடுவான்: பழைய மாணவர்கள் வெளிநாட்டில் காசு சேர்க்கிறார்கள், தரம் 6 முதல் 9 வரை ஆளுக்கொரு டேப் (டேப்லெட் கணினி) கொடுக்கலாம் என்று ஒரு பேச்சு. எனக்கு ஆசைதான், ஆனால் மழை தொடங்கினால் எங்கள் பக்கம் கரண்ட் எப்போது வரும் போகும் என்று தெரியாது, சிக்னலுக்குக் குளக்கட்டில் ஏற வேண்டும். இதை ஏற்கெனவே செய்து பார்த்தவர்கள் உண்டா?

மாங்குளம் ரீச்சர்: தம்பி, பெரு நாட்டில் பார்த்தாயிற்று. நெக்ரோபொன்டே என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2005இல் 'பிள்ளைக்கொரு மடிக்கணினி' திட்டத்துக்கு 100 டொலர் மடிக்கணினி என்று அறிவித்தார், வெளிவரும்போது விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெருவில் அந்த மடிக்கணினிகளை 8 லட்சத்துக்கு மேல் கொடுத்தார்கள். அப்புறம் 319 கிராமப் பாடசாலைகளில் ஆய்வு செய்தபோது கணிதத்திலும் மொழியிலும் புள்ளி கூடவில்லை, பல இடங்களில் இணையமே இல்லை, ஆசிரியருக்குப் பயிற்சியும் குறைவு.

ஒட்டுசுட்டான் பெடியன்: அக்கா சொல்வது சரி, ஆனால் உருகுவேயையும் பாருங்கள். பிள்ளைக்கொரு மடிக்கணினி கொடுக்க அங்கே 2007இல் தொடங்கிய சேபல் திட்டத்தில் கருவியோடு பாடசாலைகளுக்கு இணைய இணைப்பும் கொடுத்தார்கள், திருத்தவும் ஆள் வைத்தார்கள். கொரோனா நேரம் இங்கே ஒரு வீட்டில் மூன்று பிள்ளை ஒரு போனுக்கு அடிபட்டதை மறந்துவிட்டோமா?

விசுவமடுவான்: எங்கள் வீட்டிலும் அதே சண்டைதான். பாட வீடியோக்களை ஒரு சின்ன சேர்வரில் போட்டு, வைஃபை வழியாக இணையமில்லாமலே பார்க்கலாமாம், உண்மையா?

ஒட்டுசுட்டான் பெடியன்: ஓம் அண்ணை, ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினி ஒன்று போதும். சார்ஜ் ஏற்ற கூரையில் சோலர் போடுங்கள், குரங்குதான் தகட்டை உடைக்கும்.

மாங்குளம் ரீச்சர்: முதலில் பத்து டேப் வாங்கி நூலகத்தில் வையுங்கள். புழுதிக்கு உறையும் வாங்குங்கள்.