மே மாதப் பனி எச்சரிக்கை: 'ஸ்னோஃபொக்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ட்ரோம்சோவிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். அவசரமாக ஓர் உதவி. இங்கே வட நோர்வேயில் இருக்கும் தமிழ்ப் பெரியவர்களுக்காக வானிலை எச்சரிக்கைகளை விளக்கும் துண்டறிக்கை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். வாசிக்கப்போகிறவர்களில் பலர் 1980களில் ஃபின்மார்க் மாவட்டக் கரையோர மீன் ஆலைகளுக்கு வேலைக்கு வந்தவர்கள். நோர்வே மொழியில் பேசிச் சமாளிப்பார்கள். வானிலைக் கழகத்தின் அறிவிப்பை வாசிக்க மட்டும் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள்.

மே மாதத்தில் என்ன பனி என்று நினைக்கவேண்டாம். ட்ரோம்சோவில் இதுவரை அளந்த மிக ஆழமான பனி 240 சென்டிமீட்டர். அது பதிவானது ஜனவரியில் அல்ல, 1997 ஏப்ரல் 29 அன்று. பனியில் வழுக்காமல் இருக்க ஆணி பதித்த டயருக்கு இந்த வட மாவட்டங்களில் பொதுவான அனுமதி ஏப்ரல் 30 வரைதான். எல்லோரும் கோடை டயர் மாட்டிய பிறகு காற்று திசை மாறி வடக்கிலிருந்து அடித்துப் பனி கொட்டினால் சிக்கல்.

எனக்கு முட்டுக்கட்டையாக இருப்பது 'ஸ்னோஃபொக்'. வானத்திலிருந்து விழும் பனி அல்ல இது. தரையில் கிடக்கும் பனியைக் காற்று கிளப்பிக்கொண்டு போவது. மேலே பார்த்தால் நீல வானம், முன்னால் போகும் வண்டி தெரியாது. மலைப்பாதைகளில் இந்த நிலை வந்தால் பனி அள்ளும் வண்டிக்குப் பின்னால் வரிசையாகத்தான் போக விடுவார்கள். அடுத்து இரவு உறைபனி. அப்புறம் 'கூலிங்'. இது குளிர்ச்சி அல்ல, காற்றின் வேகத்துக்கான சொல்! சொல் தாருங்கள்.

மதுரையிலிருந்து:

அடிப்படையிலேயே ஒரு பிழையோடு தொடங்குகிறோம். 'பனி' என்பது திடப்பொருள் அல்ல. பனித்தல் என்றால் துளித்தல், நடுங்குதல். 'பனித்த சடையும்' என்று அப்பர் பாடியது ஈரச் சடையை. கண் பனித்தது என்கிறோம், கண்ணில் ஐஸ் கட்டியா விழுந்தது? பனிக்காலத்துக்குச் சங்கப் பாட்டில் 'அற்சிரம்' என்று அழகான சொல் இருக்கிறது. வானத்திலிருந்து விழும் கட்டிக்கு 'ஆலி' இருக்கிறது. ஆலியை விரித்து வழங்கினால் 'ஆலிச்சூறை' கிடைக்கும். காற்றுக்கு 'வாடை' போதும். வடக்கிலிருந்து வருவது வாடைதானே!

சென்னையிலிருந்து:

ஐயா, 'வாடை எச்சரிக்கை' என்று சென்னையில் அச்சிட்டால் குப்பை வண்டி வரவில்லை என்று நினைப்பார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

வாடைக்காற்று எங்களுக்கு அன்றாடச் சொல். அதில் நாற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் 'ஆலிச்சூறை' என்றால் ஆலங்கட்டி மழை என்றுதான் நானே நினைப்பேன். நாங்கள் பள்ளியில் படித்த புவியியலில் இந்தப் பனிக்கு 'மழைப்பனி' என்று இருந்தது. மழைபோல வானத்திலிருந்து விழுவதால். பெரியவர்கள் இலங்கையில் படித்தவர்கள் என்றால் அது நினைவிருக்கும். உறைபனிக்கும் நுவரெலியா அறிவிப்புகளில் 'துகள் உறைபனி' என்றே வருகிறது. புதிதாக ஏன் அலையவேண்டும்?

ட்ரோம்சோவிலிருந்து:

மழைப்பனி நல்ல சொல். ஆனால் ஸ்னோஃபொக்கில் மழையும் இல்லை, விழுவதும் இல்லை. அதுதான் தொல்லை.

கோவையிலிருந்து:

உறைபனியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஊட்டிச் செய்தியில் வரும் 'உறைபனி' எல்லோருக்கும் தெரியும், மாற்றவேண்டாம். ஆனால் துண்டறிக்கையில் ஒரு விஷயத்தை எழுதுங்கள் அம்மா. வெப்பமானி 3 பாகை காட்டினாலும் உறைபனி வரும். வானிலை நிலையம் அளப்பது தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்துக் காற்றை. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடும், கீழே பூஜ்யத்துக்கும் இறங்கிவிடும். காற்று அடித்தால் மேலடுக்கின் வெதுவெதுப்பு கீழே கலந்துவிடும். அதனால்தான் முதலில் காற்று எச்சரிக்கையும் பனியும், காற்று அடங்கி மேகம் விலகிய பிறகு உறைபனி எச்சரிக்கையும் வருகின்றன. காற்று நின்றதும் ஆபத்து போய்விட்டது என்று உருளைக்கிழங்கு முளையை மூடாமல் விட்டால் காலையில் கருகிக் கிடக்கும்.

ஹெல்சிங்கியிலிருந்து:

பின்லாந்தில் இதற்கு 'ஹல்லா' என்று தனிச் சொல். பயிர்க் காலத்தில் வரும் இரவு உறைபனி மட்டும்தான் ஹல்லா. குளிர்காலத்தில் எத்தனை பாகை இறங்கினாலும் அது ஹல்லா ஆகாது. வசந்தம் வந்தபின் குளிர்காலம் திரும்புவதை 'தகத்தால்வி' என்பார்கள். 'தக' பின், 'தால்வி' குளிர்காலம். பார்த்ததுமே நம்முடைய 'பின்பனி' நினைவுக்கு வந்தது. அப்படியே எடுத்துக்கொள்ளலாமே?

மதுரையிலிருந்து:

கூடாது. பின்பனி மாசி, பங்குனி. தொல்காப்பியர் அதைப் பாலைத் திணைக்கு உரிய பருவம் என்கிறார். 'பின்பனி தானும் உரித்தென மொழிப' என்பது சூத்திரம். தலைவன் பொருள் தேடிப் பிரிந்து போகும் காலம். அதைக் கொண்டுபோய் வைகாசியில் வைப்பதா?

ஹெல்சிங்கியிலிருந்து:

பொருள் தேடிப் பிரிந்து வந்தவர்களுக்குத்தானே ஐயா துண்டறிக்கை?

சென்னையிலிருந்து:

காற்று விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கே சொல் மாறினால் பொருளே மாறும். நம் ஊரில் 'புயல்' என்றால் வங்கக்கடலில் சுழல்வது. மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் இந்திய வானிலைத் துறை புயல் என்று சொல்லும். நார்வேக்காரர்களின் கூலிங் விநாடிக்கு 10.8 மீட்டரில், அதாவது மணிக்கு 39 கிலோமீட்டர் அளவில் தொடங்கி மூன்று படியாக ஏறுகிறது. மூன்றாவது படி விநாடிக்கு 17.2 மீட்டர், கணக்குப் போட்டால் அதே 62 கிலோமீட்டர்! நாம் புயல் என்று பெயர் வைக்கும் வேகத்தை அவர்கள் இன்னும் கூலிங் என்றே சொல்கிறார்கள். 'ஸ்டோர்ம்' 20.8 மீட்டரில்தான் தொடங்குகிறது. ஆகவே கூலிங்குக்குப் 'பலத்த காற்று', ஸ்டோர்முக்குப் 'புயல்காற்று', பக்கத்தில் வேகத்தை எண்ணில் போடுங்கள். சொல்லை விட எண் உதவும்.

ஸ்னோஃபொக்குக்கு என் ஓட்டு 'பனிப்புழுதி'. கேட்டவுடன் கண்ணுக்குள் வருகிறது.

மதுரையிலிருந்து:

புழுதி மண்ணுக்கே உரியது. பனிப்புழுதி என்றால் அழுக்குப் பனி என்று பொருள்படும். 'பனித்தூற்றல்' என்று சொல்லுங்கள். களத்தில் நெல்லைத் தூற்றும்போது பதர் காற்றோடு கிடையாகப் பறக்கிறதே, அதேதான் இது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்ற பழமொழி தெரியாத தமிழர் உண்டா?

யாழ்ப்பாணத்திலிருந்து:

சொல் அழகு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தூற்றல் என்றால் சிறு மழை என்றும் எடுப்பார்கள். சிறு மழைதானே என்று வண்டியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனால் யார் பொறுப்பு? பத்திரிகைகள் போடும் 'பனிப்புயல்' எப்படி?

கோவையிலிருந்து:

அதற்குப் புயல் வேண்டுமே. பனி லேசாக, உலர்ந்து கிடந்தால் பலத்த காற்றே போதும். மே மாதப் பனி ஈரமாக இருக்குமே, அது எழும்புமா என்பது என் சந்தேகம்.

ட்ரோம்சோவிலிருந்து:

கடற்கரையில் எழும்பாது, சேறாகக் கிடக்கும். மேலே மலைச்சமவெளியில் புதிதாகப் பெய்து, குளிர் பூஜ்யத்துக்குக் கீழே நின்றால் எழும்பும். ஃபின்மார்க் சாலைகள் பல அந்த உயரத்தில்தான் போகின்றன.

சரி, அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். முடிவாக இப்படி அனுப்புகிறேன். பனிப்பொழிவு, இரவு உறைபனி, பலத்த காற்று, புயல்காற்று. ஸ்னோஃபொக்குக்குப் 'பனிப்புழுதிக் காற்று', அதன் கீழே 'தரைப் பனியைக் காற்று கிளப்புவதால் பாதை தெரியாது' என்று ஒரு வரி. நோர்வேச் சொல்லையும் தமிழ் எழுத்தில் பக்கத்தில் போடுகிறேன், வானொலியில் கேட்கும்போது அடையாளம் தெரியவேண்டுமே. தகத்தால்விக்குச் சொல்லே வேண்டாம், 'குளிர் திரும்பி வந்திருக்கிறது' என்ற வாக்கியம் போதும். எச்சரிக்கை நிறங்கள் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. சென்னை நண்பர் 'ஆரஞ்சு' என்று தனி மடல் போட்டிருந்தார். இங்குள்ள பெரியவர்கள் செம்மஞ்சள் என்றுதான் சொல்வார்கள், மன்னிக்கவும்.

சென்னையிலிருந்து:

மஞ்சளுக்கும் செம்மஞ்சளுக்கும் வாசிப்பில் ஒரே ஓர் எழுத்துக்கூட்டுத்தான் வித்தியாசம். கண்ணாடி போடாதவர் தவறவிடுவார். வண்ணக் கட்டமாவது பெரிதாக இருக்கட்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

பனிப்புழுதிக் காற்றுக்கு என் சம்மதம், அரை மனத்தோடு.

மதுரையிலிருந்து:

பெரும்பான்மை பனிப்புழுதி என்றால் போகட்டும். என் மறுப்பு மட்டும் பதிவாகட்டும், அடுத்த பதிப்பில் 'பனித்தூற்றல்' வரவேண்டும். இத்தனை மடல் எழுதியும் 'எச்சரிக்கை' என்பதே தெலுங்கிலிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.