மறு: நெகட்டிவ் ஸ்பேஸ் – 'விடுவெளி' என்று சொல்லலாமா?

அண்ணாச்சிக்கும் குழுவில் உள்ள மற்றவர்களுக்கும் வணக்கம்.

படத்தில் உருவைச் சுற்றியோ உள்ளேயோ வேண்டுமென்றே விட்டுவைக்கும் இடத்தை ஆங்கிலத்தில் நெகட்டிவ் ஸ்பேஸ் என்கிறார்களே, அதற்குத் தமிழில் 'விடுவெளி' என்று சொல்லலாமா என்று குழுவில் கேட்டிருந்தேன். அதற்கு வந்த மறுமொழிகளை ராத்திரி கடையை அடைத்த பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். பதில் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> 'எதிர்மறை வெளி' என்று ஏற்கெனவே எழுதுகிறார்களே, புதுச்சொல் எதற்கு?

எழுதுகிறார்கள், ஆனால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்னால் வேலை செய்ய முடியவில்லை. பாளையங்கோட்டையில் போஸ்டர், நோட்டீஸ் வடிவமைத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. போன வருஷம் ஒரு குறும்படத் திரையிடலுக்குப் போஸ்டர் கேட்டு வந்தார்கள். பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு போய்விட்ட வீட்டில் தனியாக இருக்கும் ஓர் அம்மாவின் கதை. வலது கீழ்மூலையில் திண்ணையில் அந்த அம்மாவைச் சின்னதாக உட்கார வைத்தேன், மீதி முழுக்க அந்திவெயில் விழுந்த வெறும் சுவர். பார்த்தவர், "இவ்வளவு இடம் சும்மா கிடக்கே, துட்டு கொடுத்துத்தானே அடிக்கோம்" என்றார். அது நெகட்டிவ் ஸ்பேஸ் சார் என்றேன். 'நெகட்டிவ்' என்று கேட்டதுமே அவர் முகம் மாறிவிட்டது, முதல் படம் எடுக்கிறோம், அபசகுனமா எதுக்கு என்றார். கடைசியில் அந்தச் சுவர் முழுக்க உதவி செய்தவர்களின் போட்டோ ஏழு வந்து உட்கார்ந்தது. தனிமையில் இருந்த அம்மா ஏழு பேர் கூட்டத்தில் காணாமல் போனாள். கதையைச் சொன்னதே அந்தச் சுவர்தான், அதை அவருக்கு விளக்க என்னிடம் ஒரு நல்ல தமிழ்ச் சொல் இல்லை. 'எதிர்மறை வெளி' என்று சொல்லியிருந்தாலும் இதே கதிதான். எதிர்மறை என்றால் நமக்கு ஒன்று இலக்கணத்தில் படித்த 'வாரான், உண்ணான்', இல்லாவிட்டால் எதிர்மறை விமர்சனம். இல்லாதது அல்லது கெட்டது, இந்த இரண்டுதான் மனதில் வரும்.

வரைபவர் விட்டுவைக்கும் இடம் இந்த இரண்டுமே இல்லை. டென்மார்க் உளவியலாளர் எட்கர் ரூபின் 1915இல் எழுதிய ஆய்வால் பெயர்பெற்ற கோப்பைப் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள், நடுவில் பார்த்தால் கோப்பை, இருபக்கமும் பார்த்தால் எதிரெதிரே இரண்டு முகங்கள். அதில் எதை எதிர்மறை என்பது? 1975இல் வந்த 'ஜாஸ்' (Jaws) என்ற ஆங்கிலப் படத்தின் போஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள், ரோஜர் காஸ்டல் வரைந்தது. மேலே நீந்தும் பெண், கீழேயிருந்து வாயைப் பிளந்து நிமிர்ந்து வரும் சுறா, நடுவில் வெறும் தண்ணீர். சுறாவைவிட அந்தத் தண்ணீர்தான் எனக்குப் பயம் தருகிறது, ஏனென்றால் இன்னும் எவ்வளவு தூரம் பாக்கி என்று கண் அதைத்தான் அளக்கிறது. 1979இல் வந்த 'ஏலியன்' என்ற ஆங்கிலப் படத்தின் போஸ்டரில் இருட்டுக்கு நடுவே விரிசல் விட்ட ஒரு முட்டையும் அதில் கசியும் பச்சை ஒளியும். அந்த இருட்டை நிரப்பியிருந்தால் படத்தின் பயமே போயிருக்கும்.

> நம் ஊர்ச் சுவருக்கு இது பொருந்தாது. இங்கே தலை பெரிதாக இருந்தால்தான் ஆள் நிற்பான்.

தலை பெரிதாக இருக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் திருநெல்வேலி ஈரடுக்கு மேம்பாலத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பாருங்கள். ஒரே சுவரில் பத்துப் போஸ்டர், மஞ்சளும் சிவப்புமாக, ஒவ்வொன்றிலும் ஆறேழு தலை. பஸ் கடந்துபோகும் இரண்டு மூன்று வினாடியில் கண் எங்கே நிற்கும்? சுற்றி இரைச்சலாக இருக்கும் இடத்தில் சும்மா இருக்கிற ஒன்றில்தான் நிற்கும். ஒரு சங்கடம் மட்டும் உண்மை, அதைச் சொல்லியாக வேண்டும். ராத்திரி மைதாப் பசை வாளியோடு ஒட்ட வருகிறவர்கள், தியேட்டர் பெயரும் காட்சி நேரமும் அச்சடித்த துண்டுத்தாளை எங்கே இடம் இருக்கிறதோ அங்கே ஒட்டிவிடுகிறார்கள். அவர்கள் மேல் தப்பு இல்லை, முகத்தை மறைக்காமல் ஒட்டுகிறார்கள், அவ்வளவுதான். அதனால் துண்டுத்தாளுக்கென்று போஸ்டரின் அடியில் தனியாக ஒரு பட்டை ஒதுக்கிவிட்டு, மேலே விடுகிற இடத்தை விடுவதுதான் இப்போது என் பழக்கம்.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

முதலில் எனக்குப் பிடித்தது 'பொட்டல்'. எங்கள் பக்கம் பொட்டல் என்றால் ஒன்றும் இல்லாத இடம் மட்டும் இல்லை. பையன்கள் கிரிக்கெட் விளையாடுவது அங்கே, சர்க்கஸ் கூடாரம் அடிப்பது அங்கே, கூட்டத்துக்கு மேடை போடுவது அங்கே. காலியாகக் கிடப்பதால்தான் எல்லாவற்றுக்கும் ஆகிறது. இந்தப் பொருத்தம் வேறெந்தச் சொல்லிலும் இல்லை. ஆனால் மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கு அது வறண்ட நிலம் மட்டும்தான் என்று குழுவிலேயே மூன்று பேர் சொல்லிவிட்டீர்கள், மனசில்லாமல் விட்டுவிட்டேன்.

அண்ணாச்சி சொன்ன 'புறவெளி' அழகான சொல். ஆனால் விடுகிற இடம் எப்போதும் உருவுக்கு வெளியேதான் இருக்கும் என்று இல்லையே. உளுந்தவடையின் ஓட்டை எங்கே இருக்கிறது? 'க' எழுத்தின் வயிற்றுக்குள் அடைபட்ட வெள்ளை எங்கே இருக்கிறது? அவற்றைப் புறம் என்று சொல்ல முடியாது. 'வெறுவெளி' ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுகிறது, 'வெற்றிடம்' இயற்பியலுக்குப் போய்விட்டது.

'விடுவெளி' வினைத்தொகை. விட்ட வெளி, விடுகின்ற வெளி, விடும் வெளி, மூன்று காலமும் உள்ளே அடங்கும். அதைவிட முக்கியம், விட்டது ஓர் ஆள் என்பது சொல்லிலேயே இருக்கிறது, தானாகக் கிடந்த இடம் இல்லை. 'சுவரொட்டி' நிலைத்ததற்கும் அதில் 'ஒட்டு' என்ற செயல் கேட்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பேச்சில் போஸ்டர்தான் என்றாலும் செய்தித்தாளில் சுவரொட்டியை யாரும் திருத்துவதில்லை.

இரண்டு வாரமாகக் கடையில் பழகிப் பார்க்கிறேன். "இடப்பக்கம் விடுவெளி கொஞ்சம் கூட்டு" என்றால் உதவிக்கு இருக்கும் தம்பிக்குப் புரிகிறது. வாடிக்கையாளரிடம் "இது விடுவெளி, நாமளே விட்டது" என்றால் அபசகுனம் என்ற பேச்சு வருவதில்லை. போனில் மட்டும் 'விண்வெளி' என்று கேட்டுவிடுகிறது, இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. இது குறைதான், ஆனாலும் சொல்லைக் கைவிடும் அளவுக்கு இல்லை.

பதிவுக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன், திருத்துங்கள்:

விடுவெளி: ஓவியம், போஸ்டர், ஒளிப்படம் முதலியவற்றில் உருவைச் சுற்றியோ உருவுக்குள்ளோ வேண்டுமென்றே விடப்பட்டு, தானும் ஒரு வடிவமாகப் பொருள் தரும் இடம். எ-டு: 'நாயகியின் முகத்துக்கு மேலே உள்ள விடுவெளிதான் அவள் தனிமையைச் சொல்கிறது.'

இன்னும் ஒன்று பாக்கி. பக்க வடிவமைப்பில் வரிக்கும் வரிக்கும், பத்திக்கும் பத்திக்கும் நடுவே விடும் ஒயிட் ஸ்பேஸுக்கு அண்ணாச்சி 'வெள்ளிடம்' என்றார்கள். எனக்குச் சம்மதம்தான். ஆனால் கறுப்புப் பின்னணியில் அடிக்கும்போதும் அது வெள்ளிடமா என்று தம்பி கேட்கிறான், அவனுக்கு என்ன பதில் சொல்லட்டும்?