புதுப்பிப்பு: ஏழாம் வகுப்புக்கு எழுத்தாளர் வந்து போனார்

நூலகப் புத்தகங்களைப் பிள்ளைகள் தொடவே மாட்டேன் என்கிறார்களே, என்ன செய்யலாம் என்று ஜூனில் இங்கே கேட்டிருந்தேன். ஒரு எழுத்தாளரைக் கூப்பிடுங்கள் என்று பலர் சொன்னீர்கள். கூப்பிட்டேன், வந்தார்.

முக்கியமான விஷயம், அவர் வருவதற்கு முன்பே அவருடைய ஒரு கதையை வகுப்பில் இரண்டு முறை சத்தமாக வாசித்திருந்தோம். போன வருடம் வேறொரு விருந்தினர் வந்தபோது இதைச் செய்யவில்லை. அது வெறும் மேடைப்பேச்சாக முடிந்துவிட்டது. இந்த முறை பிள்ளைகள்தான் பேசினார்கள். "அந்த ஆட்டுக்குட்டி கடைசியில வீட்டுக்கு வந்துச்சா சார்? ஏன் எழுதாம விட்டீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. பையிலிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். முதல் வரியை மட்டும் ஏழெட்டு தடவை அடித்து அடித்து எழுதியிருந்தார். கடைசி பெஞ்சு பையன்கள் எழுந்து வந்து அந்த அடித்தல்களை விரலால் தடவிப் பார்த்தார்கள். பெரியவர்களும் தப்பும் தவறுமாக எழுதுவார்கள் என்பது அவர்களுக்குப் புதுசு.

அப்புறம் ஒன்று. தமிழக அரசுப் பள்ளிகளில் நடக்கும் வாசிப்பு இயக்கத்தின் நூல்கள், எளிதானதில் தொடங்கி, நுழை, நட, ஓடு, பற என நான்கு நிலைகளில் இருக்கின்றன அல்லவா? 'நுழை' புத்தகத்தை மறைத்து வைத்துப் படிக்கும் ஒரு மாணவன், மறுநாள் தானாகவே 'நட' கேட்டு வாங்கிப் போனான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது பிள்ளைகள் அந்த எழுத்தாளருக்குக் கடிதம் எழுதுகிறார்கள். ஐம்பது காசு அஞ்சலட்டை இருபது வாங்கி வந்தேன், பத்தவில்லை. நாளை மறுபடி தபால் நிலையம் போக வேண்டும்.