மறு: சார்கோபீனியாவுக்குத் தமிழ்ச் சொல் – தசைமெலிவா, தசைவற்றமா?

குழுவினருக்கு வணக்கம். தசையின் அளவும் வலுவும் குன்றிப்போகும் நிலை, பெரும்பாலும் முதுமையில் வருவது, சார்கோபீனியா. அதற்குத்தான் ஒரு மாதமாகத் தமிழ்ச் சொல் தேடுகிறோம்.

> ‘தசைமெலிவு’ எல்லோருக்கும் புரிகிறது. இதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

மன்னிக்க வேண்டும் ஐயா, இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன். 1989இல் இர்வின் ரோசன்பெர்க் ‘சார்கோபீனியா’ என்ற சொல்லை முன்வைத்தபோது ‘சதை’, ‘வறுமை’ என்னும் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்தார். அன்று தசையின் அளவைத்தான் பார்த்தார்கள். 2018இல் ஐரோப்பிய வல்லுநர் குழு வரையறையைத் திருத்தி, வலுக்குறைவை முதலில் வைத்தது. 2019இல் ஆசியக் குழு எல்லையே வகுத்துவிட்டது: கைப்பிடி வலு ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் கீழே போகக் கூடாது. மெலிவை மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். மேலும், ஆள் பருமனாக இருந்துகொண்டே தசை குன்றுவதும் உண்டு. அதைத் ‘தசைமெலிவுப் பருமன்’ என்று அச்சடித்துக் கோத்தகிரிச் சந்தையில் கொடுத்தால் சிரிப்பார்கள்.

‘சிதைவு’ ஏற்கெனவே பரம்பரைத் தசைநோய்க்குப் போய்விட்டது. ‘தளர்வு’ என்றால் மயக்க மருந்து நினைவுக்கு வரும்.

நான் துண்டறிக்கை எழுதுவது எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற பெண்களுக்காக. போன வாரம் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டியோடு பேசிக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கும்போது இரண்டு கையையும் முட்டியில் ஊன்றினார். முதல் முறை எழ முடியவில்லை. இரண்டாம் முறை எழுந்து நின்று, “சதையெல்லாம் வற்றிவிட்டது, தம்பி” என்றார். இரவுச் சாப்பாடு என்ன என்று கேட்டேன். வர்க்கியும் தேநீரும்.

வற்றிவிட்டது! ஒரு மாதமாக நாம் தேடியதை அவர் சும்மா சொல்லிவிட்டார். லைனுக்குக் கீழே உள்ள ஊற்றுக் குழி கோடையிலும் அதே அகலம்தான், குடம்தான் நிறையாது. பருமன் சிக்கல் இங்கே தீர்கிறது. வற்றிய ஊற்று மழைக்குத் திரும்பும் என்பது இன்னும் முக்கியம். தசையும் அப்படித்தான். 1990இல் வெளியான பாஸ்டன் ஆய்வில் தொண்ணூறு வயதை ஒட்டிய சிலர் எட்டு வாரம் எடைப் பயிற்சி செய்தார்கள். தொடைத் தசையின் பரப்பு 9 விழுக்காடுதான் கூடியது. வலு சராசரியாக 174 விழுக்காடு. ‘சிதைவு’ என்று படித்தவர் எந்த நம்பிக்கையில் எடையைத் தூக்குவார்?

> வற்றல் என்றால் சுண்டைக்காய்தான் ஞாபகம் வரும்.

வரும், அம்மா. அதனால்தான் ‘தசைவற்றம்’. மாற்று மாற்றம் ஆவதுபோல. ‘மூப்பு’ என்ற அடைமொழி வேண்டாம் என்பது என் கட்சி. படுக்கையில் நெடுநாள் கிடந்த இளையவருக்கும் இது வருகிறது.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: ‘தசைவற்றம் வராதிருக்க, 50 கிலோ எடையுள்ள முதியவருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 கிராம் புரதம் வேண்டும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவும்.’ நாக்கில் இடறவில்லை. ஒரு முட்டையில் 6 கிராம்தான் என்பதையும் சேர்த்திருக்கிறேன். அவரைக்கொட்டையும் பாலும் மோரும் எப்படியும் வரும்.

இடறுவது அடுத்த சொல். இளையவரின் தசையைத் தூண்டப் போதுமான ஒரு வேளைப் புரதம் முதியவரின் தசையை அவ்வளவாகத் தூண்டுவதில்லை. இதற்கு ‘புரதமந்தம்’ என்று எழுதிவைத்தேன். மந்தம் தசைக்குத்தானே, புரதத்துக்கு இல்லையே, எனக்கே பிடிக்கவில்லை. அச்சகத்துக்கு வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். யாராவது கை கொடுங்கள்.