ஒன்பதாம் வகுப்பு மாடியில் இருக்கிறது, மகனுக்கு டி.சி. வாங்கச் சொல்கிறார்கள்

மதுரை அம்மா:
என் மகனுக்குத் தசைச்சிதைவு நோய். சில வருடங்களாகச் சக்கர நாற்காலிதான். எட்டாம் வகுப்பு வரை கீழ்த்தளத்தில் படித்தான். ஜூனில் ஒன்பதாம் வகுப்பு, அது முதல் மாடியில். லிஃப்ட் கிடையாது. தலைமையாசிரியர் கூப்பிட்டு, "தினமும் தூக்கிக்கொண்டு போக எங்களிடம் ஆளில்லை. டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டுவழிக் கல்விதான் இருக்கிறதே" என்றார். அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளி. பையன் கணக்கில் கெட்டி, கூட்டாளிகள் எல்லாரும் அங்கேதான். என்ன செய்யலாம்?

சிறப்பாசிரியர், திண்டுக்கல்:
டி.சி. கேட்டு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 16ஐ எடுத்துப் படியுங்கள். பாகுபாடு இல்லாமல் சேர்ப்பதும், கட்டடத்தைப் பிள்ளை புழங்கும்படி அமைப்பதும் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்கும் பொருந்தும். வீட்டுவழிக் கல்வி, பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைகளுக்கானது. உங்கள் மகன் தினமும் வருகிறானே!

குமார்:
பசங்க நாலு பேர் சேர்ந்தால் தூக்கிவிடுவார்கள் அம்மா. எங்கள் வகுப்பில் அப்படித்தான் செய்தோம்.

தென்காசி வாசகி:
தம்பி குமார், நல்ல மனசில்தான் சொல்கிறீர்கள். ஆனாலும் வேண்டாம். தசைச்சிதைவில் தோள் தசைகளும் தளர்ந்திருக்கும். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் பிடி நிற்காது, பிள்ளை நழுவிவிடுவான். நான் போலியோக்காரி, என்னையும் அப்படித்தான் மாடிக்குத் தூக்கிப் போனார்கள். தூக்குகிறவன் லீவு போட்டால் எனக்கும் லீவு. ஒன்றுக்கு வந்தால் யாரிடம் சொல்வது? காலையில் ஒரு வாய் காபியோடு சரி, சாயங்காலம் வீட்டுக்கு வரும்வரை தண்ணீர் குடிக்க மாட்டேன். சித்திரை வெயிலிலும் அப்படித்தான். நீர்க்கடுப்பு வந்து துடித்திருக்கிறேன். வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது.

அதனால் அம்மா, பையனை மேலே ஏற்றுவது பற்றிப் பேசவே வேண்டாம். வகுப்பைக் கீழே இறக்கச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும் அறை மாற்றிக்கொண்டால் பள்ளிக்குப் பைசா செலவில்லை. பிள்ளைக்குத் தேவையான நியாயமான வசதியைச் செய்து தரவேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அறை மாற்றுவதைவிடச் சுலபமான வசதி என்ன இருக்கிறது?

அப்புறம் கழிவறையைப் போய்ப் பாருங்கள். கதவு 90 செ.மீ. அகலமாவது இருக்கிறதா, உள்ளே நாற்காலியைத் திருப்ப முடிகிறதா, பிடிக்கக் கம்பி உண்டா என்று பாருங்கள். வாசலில் சாய்தளம் போடுவார்களானால், ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் கேளுங்கள். நிறைய இடத்தில் கணக்குக் காட்டச் செங்குத்தாக ஒரு சிமெண்ட் சரிவைப் போட்டுவிடுகிறார்கள், அதில் நாற்காலி தானாக ஏறாது.

எல்லாவற்றையும் மனுவாக எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். பதில் இல்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், அதற்கும் மேலே சென்னையில் மாநில ஆணையர் இருக்கிறார்.

மதுரை அம்மா:
அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அவனிடம் கேட்டேன். அவனும் பள்ளியில் தண்ணீர் குடிப்பதில்லையாம். பாட்டில் தினமும் காலியாகத்தான் வரும், கூட்டாளிகளுக்குக் கொடுத்துவிடுகிறானாம். கழிவறையையும் சேர்த்தே மனு எழுதுகிறேன். திங்கட்கிழமை இவரும் லீவு போட்டுவிட்டு வருகிறார்.

சிறப்பாசிரியர், திண்டுக்கல்:
எழுதியதும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். உங்கள் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரையும் கூட அழைத்துப் போங்கள்.