அப்கிரேடுக்குப் பிறகு கெர்னல் பேனிக்: உங்கள் பழைய மெஷினில் என்ன நடந்தது?

பழையபெட்டி:
என்னுடையது கே6-2 பிராசஸர் போட்ட மெஷின். லினக்ஸின் மையமான கெர்னலை நானே கம்பைல் செய்து ஓட்டிக்கொண்டிருந்தேன். அதைத் தொடாமல் டிஸ்ட்ரோவை (மற்ற மென்பொருள்கள் சேர்ந்த லினக்ஸ் தொகுப்பை) மட்டும் புதிய பதிப்புக்கு ஏற்றினேன். ரீபூட் ஆனதும் ஹார்டு டிஸ்க் தெரிந்தது, சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனும் மவுண்ட் ஆனது. அப்புறம்தான் பேனிக், அதாவது கெர்னல் மேற்கொண்டு ஓட முடியாமல் நின்றுவிட்டது: அது முதலில் தொடங்கும் புரோகிராமான இனிட் செத்துப்போச்சாம். கீபோர்டில் கேப்ஸ் லாக் விளக்கும் ஸ்க்ரோல் லாக் விளக்கும் சேர்ந்து மின்னத் தொடங்கின.

அந்தப் பேனிக் வரியின் வாலில் எக்ஸிட்கோட் என்று ஒரு எண் இருக்கும். பலர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. எனக்கு வந்தது வரிசையாகச் சைபர், கடைசியில் 4. அது இனிட்டைக் கொன்ற சிக்னலின் எண். நான்காம் சிக்னல் என்றால், பிராசஸருக்குத் தெரியாத கட்டளையை யாரோ ஓட்டப் பார்த்திருக்கிறார்கள். அந்த எண் ஹெக்ஸில் (16-அடிமான முறையில்) வருவதால், கடைசியில் பி என்று இருந்தால் அது 11, மெமரியில் தொடக்கூடாத இடத்தைத் தொட்ட கேஸ்.

ஆக, கெர்னல்மேல் தப்பே இல்லை. புதிய லைப்ரரிகள் ஐ686 என்ற அடுத்த தலைமுறை பிராசஸர் வகைக்காகக் கம்பைல் ஆனவை. அவற்றில் சிமூவ் (நிபந்தனை சரியானால் மட்டும் டேட்டாவை நகர்த்தும்) கட்டளை வரும், கே6 குடும்பத்துக்கு அது கிடையாது. 2017-இல் வந்த டெபியன் 9 டிஸ்ட்ரோ, கே6 போன்ற ஐ586 வகை சிப்புகளைக் கைவிட்டதும் இந்தக் கணக்கில்தான். இந்த நிலையில் கெர்னலை எத்தனை முறை மாற்றினாலும் விடியாது. டிஸ்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டி, டேட்டாவை எடுத்துக்கொண்டு, பழைய பதிப்புக்கே திரும்பினேன்.

ஐடிஇகாலம்:
எனக்கு இனிட் வரைக்கும்கூடப் போகவில்லை. ரூட்டை மவுண்ட் செய்ய முடியவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. பூட் வரியில் ரூட் இன்னும் ஹெச்டிஏ1 என்ற பழைய டிஸ்க் பெயரிலேயே இருந்தது. பழைய ஐடிஇ (டிஸ்க் இணைப்பு வகை) டிரைவரை 2021-இல் லினக்ஸ் 5.14-இல் எடுத்துவிட்டார்கள். இப்போது அதே டிஸ்க் எஸ்டிஏ என்றுதான் வரும். கெர்னலை ஏற்றும் கிரப்பின் மெனுவில் ‘ஈ’ தட்டி அந்தப் பெயரை மாற்றினேன், ஏறிவிட்டது. எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலிலும் மாற்ற மறக்காதீர்கள். பெயருக்குப் பதில் பார்ட்டிஷனின் தனி அடையாள எண்ணான யுயுஐடி போட்டுவிட்டால் இந்தப் பெயர்த் தொல்லையே இல்லை.

சீரியல்கேபிள்:
மேலே இருவருக்கும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழுந்திருக்கிறது. என் மெஷின் ஒரு தடவை டிஸ்க் டிரைவரில் விழும், அடுத்த தடவை நெட்வொர்க்கில், இன்னொரு தடவை நன்றாகவே ஓடும். பழைய கெர்னலில் இப்படி ஆனதில்லை என்பதால் புதியதைத்தான் சந்தேகப்பட்டேன். இடம் மாறிமாறி விழுந்தால் முதலில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டுங்கள். இங்கே ஒரு ரேம் ஸ்டிக்கில் பழுது. பழைய கெர்னல் அந்த இடத்தில் முக்கியமானது எதையும் வைக்கவில்லை போல.

பேனிக் ஆனபின் திரையை மேலே நகர்த்திப் பார்க்க முடியாது, முக்கியமான வரிகள் ஓடிப்போயிருக்கும். நம் பெட்டிகளில் சீரியல் போர்ட் இருக்கிறதே, இன்றைய லேப்டாப்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை ஏது? கெர்னல் செய்திகள் வரும் கன்சோலை அதற்குத் திருப்பி, வேகம் 115200 வைத்து, மறுமுனையில் இன்னொரு கணினியில் லாக் முழுவதையும் பிடித்துக்கொள்ளலாம். அந்த ஸ்டிக்கைக் கழற்றியதிலிருந்து லாக்கில் ஒரு பேனிக்கும் இல்லை.