அப்பாவுக்கு ரீல் (அப்பா இல்லாத குழு)

*செல்வி இந்தக் குழுவை உருவாக்கினார்*

செல்வி: எல்லாருக்கும் வணக்கம். இந்தக் குழுவுல அப்பா இல்ல, அம்மாவும் இல்ல. அம்மா வாயில எதுவும் நிக்காது. 30ஆம் தேதி அப்பா ரிடையர் ஆகறாரு. எல்லாரும் சேர்ந்து கடல் மீன் பிடிக்கிற பெரிய ஸ்பின்னிங் ரீல் (தூண்டில் நூல் சுத்தற மிஷின்) ஒண்ணு வாங்கித் தரலாம்னு பாலு சொல்றான். எது வாங்கறது?

பாலு: பழசு முடிஞ்சு போச்சு. சுத்தினா கரகரங்குது

மீனா அத்தை: நல்ல யோசனைடா கண்ணுங்களா. மாடி சாவி யார்கிட்ட இருக்கு?

ரவி சித்தப்பா: 20000 சைஸ் வாங்குங்க. பெருசா வாங்கினா ஒரே தடவையில முடிஞ்சது

குமார் மாமா: அவசரப்படாதீங்க. ரீலை முதல்ல பாக்கக் கூடாது. ராடு (தூண்டில் கம்பு) என்ன, லைன் (நூல்) என்ன, எந்த மீனுக்கு, எப்படிப் பிடிக்கிறாரு, இதை வச்சுத்தான் ரீல். ராடுல எழுதியிருக்கும், யாராவது பாத்துச் சொல்லுங்க.

தீபன்: பிஇ (நூல் தடிமன் நம்பர்) 5-6, 7 அடி 8 அங்குலம், லூர் (பொய் இரை) அதிகபட்சம் 120 கிராம்

தீபன்: *புகைப்படம்*

செல்வி: தீபா அந்த ராடு உனக்கு எப்படிக் கிடைச்சுது? நேத்துதான் அப்பா அதைத் தேடிட்டு இருந்தாரு

குமார் மாமா: சரி, அது பாப்பர் (தண்ணி மேல தெறிக்கிற பொய் இரை) வீசுற ராடு. பாறை மீனுக்கு. அப்போ கணக்கு சுலபம். பிஇ 5 இல்ல 6, அதாவது ஏறக்குறைய 80 பவுண்ட் தாங்கற பிரெய்டு (பின்னல் நூல்). 80 பவுண்டுன்னா 36 கிலோ. டிராக் (மீன் இழுத்தா நூலை விடற பிடி) வைக்க வேண்டியது லைன் தாங்குற எடையில கால் பங்குல இருந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும். 9 கிலோவுல இருந்து 12 கிலோ. முடிச்சுல கொஞ்சம் பலம் போகும், அதனால 9-10ல நிறுத்துறது நல்லது. நின்னுக்கிட்டு 10 கிலோ டிராக்கைப் பிடிச்சுக்கிட்டு இருக்கறதே பெரிய வேலை. பெட்டியில 25 கிலோ, 30 கிலோன்னு போட்டிருக்கறதைப் பாத்து வாங்காதீங்க. 15 கிலோவுக்கு மேல உள்ள எந்த நல்ல ரீலும் போதும். ஏன் 15 வேணும், 10 போதாதான்னா, குமிழை முழுசா இறுக்கின நிலையில எந்த டிராக்கும் ஒரே சீரா விடாது. பாதி தூரம் இறுக்கினா 10 வரணும், அப்பதான் வழுக்கிக்கிட்டு வரும்.

பாலு: மாமா ஒரே மெசேஜ்ல இவ்வளவா

குமார் மாமா: இன்னும் முடியல.

ரவி சித்தப்பா: டிராக் அதிகம் இருந்தா என்ன கெட்டுப் போகுது மச்சான்

குமார் மாமா: கெட்டுப் போகாது மச்சான். எடை கூடுது. 20000 ரீல் 850 கிராம் பக்கம் வரும், 10000 ரீல் 650-700. ஒரு நாள்ல 200 தடவை வீசணும். அதுவும் இந்த ராடோட முதல் வளையம் அவ்வளவு பெரிய ஸ்பூலுக்கு (நூல் சுத்தியிருக்கற உருளை) ஏத்தது இல்ல. லைன் பெரிய சுருளா வந்து வளையத்துல அடிச்சு வேகம் குறையும்.

செல்வி: அப்பாவுக்கு வலது தோள்பட்டை வேற வலிக்குது. எடை குறைவா இருக்கட்டும்

தீபன்: 20000 எல்லாம் பிஇ 8, 10 போடுற ராடுக்குப்பா. இதுக்கு 10000 இல்ல 14000

ரவி சித்தப்பா: நீ எப்பவும் மாமா பக்கம்தான்

மீனா அத்தை: ரவி ஆரம்பிக்காதே

பாலு: பென் கம்பெனியில 10500ன்னு ஒண்ணு பாத்தேன். அதுவும் 10000 சைஸ்தானே?

தீபன்: இல்லண்ணா. அது ரொம்பப் பெருசு

குமார் மாமா: கம்பெனிக்குக் கம்பெனி நம்பர் வேற. ஷிமானோ 10000ஐ மனசுல வச்சுக்கிட்டு பென்-ல 10500 எடுத்தா மாட்டிக்குவோம். அங்க 7500, 8500 பக்கம் பாக்கணும். டைவால பழைய சால்டிகா வரிசையில 6500ங்கிறதே பெரிய ரீல், புது வரிசையில நம்பர் மாறிப் போச்சு. அதனால நம்பரை விடுங்க. ஸ்பூல் மேல என்ன லைன் எத்தனை மீட்டர்னு எழுதியிருக்கும், அதைப் படிங்க. பிஇ நம்பரையும் மீட்டரையும் பெருக்கினா ஒரு ஸ்பூலுக்கு ஏறக்குறைய ஒரே விடைதான் வரும். பிஇ 5 300 மீட்டர்னா 1500. அதே ஸ்பூல்ல பிஇ 6 போட்டா 250 மீட்டர், பிஇ 4 போட்டா 375. 14000ல பிஇ 6 சுமார் 300 மீட்டர் ஏறும்.

செல்வி: எத்தனை மீட்டர் வேணும்?

குமார் மாமா: பாறை மீனுக்கு 250 போதும். அது பவளப்பாறைக்குள்ள ஓடும், தூரம் ஓடாது. சூரைக்கு 300க்குக் கீழ போகக் கூடாது, நேரா ஆழத்துக்கு இறங்கும்.

ரவி சித்தப்பா: அண்ணன் சூரையும் பிடிப்பாரு. 14000

பாலு: +1

தீபன்: 10000ல பிஇ 5 போட்டா 300 வருதேப்பா

மீனா அத்தை: சாவி?

செல்வி: அத்தை தெரியல, அம்மாகிட்ட கேக்கறேன்

குமார் மாமா: மீட்டர் ஏன் முக்கியம்னா இன்னொரு விஷயம் இருக்கு, யாரும் கவனிக்கறதில்ல. ஸ்பூல் நிறைஞ்சிருக்கும்போது லைன் மட்டத்துல விட்டம் 66 மிமீன்னு வைங்க. மீன் ஓடி ஓடி 50 மிமீ ஆகுது. நம்ம கை குமிழைத் தொடவே இல்ல, ஆனா 10 கிலோ டிராக் 13 கிலோ ஆயிடுச்சு. விட்டம் குறையக் குறைய அதே பிடிக்கு லைன்ல இழுவை கூடும். ‘நல்லா ஓடிட்டு இருந்தது, திடீர்னு அறுந்துடுச்சு’ன்னு சொல்றதுல பாதி இதனாலதான். மீன் தூரம் போச்சுன்னா குமிழைக் கொஞ்சம் தளர்த்தணும். பெரும்பாலானவங்க அப்பத்தான் பயந்து இறுக்குவாங்க.

பாலு: இது எனக்குத் தெரியாது

ரவி சித்தப்பா: இது சரிதான். ட்ரோலிங்லயும் (ஓடற படகுல இரையை இழுத்துப் பிடிக்கறது) அப்படித்தான்

மீனா அத்தை: ரெண்டு பேரும் ஒத்துப் போற நாளும் வந்துச்சே

தீபன்: கியர் ரேஷியோ (கைப்பிடி ஒரு சுத்துக்கு ரீல் எத்தனை சுத்து) சொல்லுங்க மாமா. நான் வேகமான எக்ஸ்ஜின்னு சொல்றேன்

குமார் மாமா: அதே 66 மிமீ. 3.14ஆல பெருக்கினா ஒரு சுத்துக்கு 207 மிமீ. மெதுவான பிஜி 4.9ன்னா கைப்பிடி ஒரு சுத்துக்கு 1 மீட்டர் வரும். நடுவுல எச்ஜி 5.6ன்னா 1.16. எக்ஸ்ஜி 6.2ன்னா 1.28. எக்ஸ்ஜி வஞ்சிரத்துக்கு, வேகமா இழுக்கற லூருக்கு. ஆனா மீன் மாட்டினப்புறம் கைப்பிடி கனக்கும். பிஜி ஆழத்துல ஜிக் (கனமான உலோக இரை) போடறவங்களுக்கு, கிணத்துல வாளி இழுக்கற மாதிரி நிதானமா பலமா வரும். பாப்பருக்கு ராடை இழுத்தப்புறம் தொங்கற லைனைச் சட்டுனு எடுக்கணும், இல்லன்னா மீன் கடிக்கும்போது லைன் தளர்ந்திருக்கும், கொக்கி பதியாது. அதுக்குப் பிஜி பத்தாது. தோள்பட்டையையும் சேத்துப் பாத்தா நான் எச்ஜி சொல்வேன்.

தீபன்: எக்ஸ்ஜின்னா பாறையை உடனே பவளத்துல இருந்து பிரிச்சுக் கொண்டு வரலாம்

குமார் மாமா: உன் தோளுக்குச் சரி.

செல்வி: எச்ஜி. எழுதிக்கிட்டேன்

தீபன்: இன்னும் முடிவு பண்ணல அக்கா

பாலு: தண்ணி புகாததா வாங்கணும். பழசு அதுலதான போச்சு. ஐபிஎக்ஸ் 5ன்னு போட்டிருந்தா போதுமா?

குமார் மாமா: ஐபிஎக்ஸ் 5ன்னா தண்ணி பீச்சினா தாங்கும். 6ன்னா இன்னும் பலமா பீச்சினாலும் தாங்கும். தண்ணியில மூழ்கினா தாங்கும்னு ரெண்டுமே சொல்லல, அதுக்கு 7, 8. பென் ஸ்பின்ஃபிஷர் 6 வந்தப்போ ஐபிஎக்ஸ் 5, ஸ்லாமர் வரிசை 6. இதெல்லாம் நல்ல தண்ணியில செய்யற சோதனை. உப்பு காஞ்சு படிகமா நின்னு ரப்பர் வளையத்தைத் தேய்க்கறது அந்தச் சோதனையில வராது. டைவால காந்த எண்ணெய் அடைப்பு இருக்கு. நல்லா வேலை செய்யும், ஆனா வீட்டுல கழட்டினா அந்த எண்ணெய் போயிடும். சர்வீஸுக்குத்தான் குடுக்கணும். உங்க அப்பா எல்லாத்தையும் கழட்டிப் பாக்கற ஆளு.

மீனா அத்தை: அண்ணன் ரேடியோ கழட்டினது ஞாபகம் இருக்கா

ரவி சித்தப்பா: மீதி நாலு ஸ்குரூ இன்னும் இருக்கு

செல்வி: அப்போ டைவா வேண்டாமா

குமார் மாமா: கழட்டாம இருப்பாருன்னா தாராளமா வாங்கலாம்.

பாலு: நேத்து கடையில ரெண்டு சுத்திப் பாத்தேன். ஒண்ணு ஒரு தட்டுக்கு ரொம்ப நேரம் ஓடிச்சு. இன்னொண்ணு உடனே நின்னுடுச்சு. ஓடினதுதானே நல்லது?

குமார் மாமா: இல்ல பாலு. இதுலதான் எல்லாரும் ஏமாறுவாங்க. உடனே நிக்கறதுக்குக் காரணம் உள்ள இருக்கற ரப்பர் அடைப்பு. கடலுக்கு அதுதான் வேணும். கடையில பாக்க வேண்டியது வேற. கைப்பிடியைப் பிடிச்சு முன்னும் பின்னும் தள்ளு, கடகடன்னு ஆடக் கூடாது. கைப்பிடி அச்சுல நேரா திருகி ஏறுற வகையா இருக்கட்டும். மடக்கற கைப்பிடி இந்த வேலைக்கு ஆகாது. சுத்தும்போது ஸ்பூலோட விளிம்பைக் கண்ணுக்கு நேரா வச்சுப் பாரு, முன்னும் பின்னும் போறது சரி, பக்கவாட்டுல ஆடினா நடு அச்சு வளைஞ்சிருக்கு. உடம்பு அலுமினியமான்னு கேளு. பிளாஸ்டிக் கலந்த உடம்பு 10 கிலோ இழுவையில லேசா முறுக்கும், பல் சக்கரம் ஒண்ணோட ஒண்ணு சரியா உக்காராது, அப்புறம்தான் அந்தக் கரகர. கடைசியா லைன் ரோலர் (நூல் ஏறித் திரும்பற குட்டி உருளை). கொஞ்சம் பிரெய்டை ரோலர் மேல போட்டு ரெண்டு கையாலயும் இழுத்துப் பிடிச்சு மெதுவா நகத்து. ரோலர் கூடவே உருளணும். நூல் மட்டும் நகந்து ரோலர் சும்மா நின்னா அங்க சூடாகி லைன் அறுக்கும். கடல் ரீல்ல முதல்ல போறது அந்தக் குட்டி பேரிங்தான்.

பாலு: சரி மாமா நாளைக்கு ரோலர் பாக்கறேன்

தீபன்: ஸ்பூல் விளிம்புல பஞ்சு தடவிப் பாருங்கண்ணா. நூல் மாட்டினா அங்க கீறல் இருக்கு

ரவி சித்தப்பா: பஞ்சு நல்ல யோசனை

செல்வி: அப்பா எந்தக் கையால சுத்துவாரு? இடதா வலதா?

பாலு: இடது

மீனா அத்தை: வலது. சின்ன வயசுல இருந்து வலதுதான்

ரவி சித்தப்பா: வலதா இருந்தது, தோள் வலி வந்ததும் இடதுக்கு மாறிட்டாரு

குமார் மாமா: பெரும்பாலும் ரெண்டு பக்கமும் மாத்திக்கலாம், கவலை வேண்டாம். மாத்த முடியாத மாடலும் உண்டு, வாங்கறதுக்கு முன்னாடி கடையிலயே மாத்திக் காட்டச் சொல்லுங்க.

செல்வி: லைனைக் கடையிலயே சுத்தித் தருவாங்களாம்

குமார் மாமா: தரட்டும், ஆனா பக்கத்துல நில்லுங்க. முதல்ல மோனோ (ஒத்தை இழை) நைலான் 8-10 சுத்து. பிரெய்டை நேரா கட்டினா வழவழப்பான ஸ்பூல்ல மொத்த லைனும் வழுக்கிச் சுத்தும், டிராக் போயிடுச்சுன்னு நினைப்பீங்க. அப்புறம் ஈரத் துணியில நூலைப் பிடிச்சு 2-3 கிலோ இறுக்கத்துல சுத்தணும். தளர்வா சுத்தினா பெரிய மீன் இழுக்கும்போது மேல் சுத்து கீழ் சுத்துக்குள்ள புதைஞ்சு நிக்கும், 120 கிராம் பாப்பர் வீச்சுல பட்டுனு அறுந்து பறக்கும். விளிம்புக்கு 2 மிமீ விட்டு நிறுத்தணும். நிறைச்சா கொத்துக் கொத்தா வெளிய வரும்.

செல்வி: டிராக் 10 கிலோன்னு எப்படித் தெரியும்?

குமார் மாமா: தொங்கற தராசு. லைனை வளையங்கள் வழியா விட்டு, ராடை 45 டிகிரியில பிடிச்சு, இன்னொருத்தர் தராசால மெதுவா இழுக்கணும். ரீல்ல இருந்து நேரா இழுத்தா குறைவாக் காட்டும், ராடு வளைவுல சேர்ற உரசல் அதுல வராது. நகர ஆரம்பிக்கற நொடியில என்ன காட்டுது, ஓடும்போது என்ன காட்டுதுன்னு ரெண்டையும் பாருங்க. ரெண்டுக்கும் நடுவுல பெரிய வித்தியாசம் இருந்தா அந்த ரீல் வேண்டாம். அதுக்கு ராடு வேணும்.

செல்வி: அதான் நான் முதல்லயே கேட்டேன். ராடு எங்க?

தீபன்: எங்க அப்பா சொல்லுவாரு

ரவி சித்தப்பா: இங்கதான் இருக்கு. அண்ணன்கிட்ட கேட்டுத்தான் எடுத்தேன்

மீனா அத்தை: எப்போ?

ரவி சித்தப்பா: ரெண்டு வருஷம் இருக்கும்

பாலு: நுனி நல்லாருக்கா சித்தப்பா?

ரவி சித்தப்பா: இந்தத் தடவை நல்லாருக்கு

செல்வி: சனிக்கிழமை தீபன் ராடோட கடைக்கு வரட்டும். பாலு தராசு எடுத்துட்டு வா. 10000 எச்ஜி பாக்கறோம்

ரவி சித்தப்பா: 14000ம் ஒண்ணு மாட்டிப் பாருங்க

தீபன்: எக்ஸ்ஜியும்

குமார் மாமா: மூணையும் ராடுல மாட்டி, ரீல் காலுக்கு முன்னாடி ஒரு விரல்ல தாங்கிப் பாருங்க. எது எந்தப் பக்கமும் சாயாம நிக்குதோ அது. இன்னொண்ணு, கழுவற விஷயம் உங்க அப்பாவுக்குச் சொல்லணும். டிராக்கை இறுக்கிட்டு லேசா நல்ல தண்ணி தெளிச்சாப் போதும், குழாயைத் திறந்து பீச்சக் கூடாது, உப்பை உள்ள தள்ளிடும். காஞ்சதும் டிராக்கைத் தளர்த்தி வைக்கணும். ரோலருக்கு ஒரு சொட்டு எண்ணெய். கிரீஸ் வேண்டாம், அதுவும் பின்னோக்கிச் சுத்தாம தடுக்கற கிளட்ச்ல கிரீஸ் பட்டா வழுக்கும், மீன் இழுக்கும்போது கைப்பிடி பின்னாடி சுத்தி விரல்ல அடிக்கும்.

பாலு: காசு பிரிக்கறது?

செல்வி: அது தனியாப் பேசலாம்

மீனா அத்தை: சாவி கிடைச்சுடுச்சு. என் பையிலதான் இருந்துச்சு

ரவி சித்தப்பா: சனிக்கிழமை எத்தனை மணிக்கு